கரையோர வளவில் மாதுளை

கல்முனை முதல் பொத்துவில் வரையுள்ள கரையோர ஊர்களிலே கமக்காரரின் வயல் ஒரு புறமும் வளவு மற்றொரு புறமும் அமைந்திருத்தலைக் காணலாம். மேற்கே களிமண் கலந்த வயல்நிலம். அதற்கு 1949ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கல்லோயாத் திட்டத்தின் நீர் வருகின்றது. கிழக்கே கடலை அடுத்த மணற்றரை. அங்கேதான் வீடும் கிணறும் தென்னையும் மரக்கறிப் பாத்தியும் உள. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய ஊர்களில் வீடுகள் நெருங்கியமையால் வளவுகள் நாளுக்கு நாள் சுருங்கி வருகின்றன. பத்துப் பேர்ச் நிலத்தில் வீடு போக எஞ்சும் இடத்திலே ஒரு கனிமரத்திற்கோ இரண்டிற்கோதான் இடமுண்டு. ஆகவே, எம்மரத்தை நடுவது என்னும் கேள்வி இவ்வூரார்க்குச் சிறு கேள்வியன்று. தகாத மரத்தை நட்டவர் இழப்பது கன்றின் விலையை மட்டுமன்று. ஐந்தாறு ஆண்டு உழைப்பையும், வளவில் இருந்த ஒரே வெயிலிடத்தையும் இழக்கின்றனர்.

குளிர்நாட்டுக் கனி இங்கு காய்க்குமா?

வளைகுடா நாடுகளிலே தொழில் பார்த்துத் திரும்பியோர் அங்குள்ள கடைகளிற் கண்ட கனிகளைத் தம் வளவிலும் வளர்க்க விரும்புவது இயல்பு. அவ்வாறு விரும்பப்படும் கனிகளுள் ஒன்று பேர்சிமன். அராபியர் இதனைக் காக்கா என்பர். தக்காளியைப் போன்ற வடிவும் செம்மஞ்சள் நிறமும் தேன் போன்ற இனிப்பும் உடையது. சீனமும் யப்பானும் இதன் பழைய இடங்கள். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 6,000 அடி உயரத்திலுள்ள நீலகிரிக் குன்னூர்ப் பகுதியில் இது காய்க்கின்றது.

இம்மரம் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. நம் ஆற்றங்கரைகளில் நிற்கும் பனிச்சையும், காடுகளில் நிற்கும் கருங்காலியும் இதன் இனத்தவை. பனிச்சங்கேணி என்னும் ஊர்ப்பெயரை அறியாதார் கிழக்கு மாகாணத்தில் இலர். நைலோன் வலை வருமுன்னர் மீனவர் தம் வலைகளுக்குச் சாயமேற்றி உரமூட்டியது பனிச்சங்காயின் துவர்ச்சாற்றினாலேயே. பேர்சிமன் காயை முற்றுமுன் கடித்தால் நாவைப் பிடிப்பதும் அதே துவர்ப்பே.

எனினும், பனிச்சை வளரும் இடமெல்லாம் பேர்சிமன் காய்க்கும் என்று கொள்ளுதல் தவறு. பேர்சிமன் இலையுதிர்த்து உறங்கும் மரம். அவ்வுறக்கத்திலிருந்து மொட்டு முறையாக விழித்தெழுவதற்குச் சில காலம் குளிர் வேண்டும். கல்முனைக் கரையிலோ மார்கழி இரவிற்கூட வெப்பம் 20 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது அரிது. குளிர் காணாத மொட்டு ஒழுங்காக விழியாது. மரம் இலையோடு நிற்கும், காய் கொடாது. இதனோடு வேறொரு தடையும் உண்டு. விதையிலிருந்து எழும் பேர்சிமன் கன்று ஆண்மரமாகவும் அமையலாம். அது ஆண்மரம் என்று தெரிவதற்கே பல ஆண்டு செல்லும்.

ஆகவே, இக்கரைக்கு ஏற்ற மரம் எது என்று ஆராய்பவர், அக்கனி எந்நாட்டிலிருந்து வந்தது என்பதைக் காட்டிலும், அதன் மொட்டு எதனால் விழிக்கின்றது என்பதையே முதலிற் கேட்டல் வேண்டும். இக்கேள்விக்கு நல்ல விடை தரும் மரம் மாதுளை.

மாதுளையின் இயல்பு

மாதுளையின் பிறப்பிடம் ஈரானும் அதனை அடுத்த நாடுகளுமாகும். திருக்குர்ஆனில் மூன்று இடங்களிற் குறிப்பிடப்படும் இக்கனி, நோன்பு துறக்கும் வேளையில் விரும்பி உண்ணப்படுவது. குளிர்காலமுள்ள நாட்டிலே இது இலையுதிர்க்கும். ஆனால், குளிரில்லாத நாட்டிலே ஆண்டு முழுவதும் பசுமையாக நின்று பூக்கும். இதன் மொட்டு விழிப்பதற்குக் குளிர் கட்டாயமன்று. வறட்சியினாலே மரம் ஓய்ந்து, பின் நீர் பெற்றால் அதுவே போதும். நம் கரையில் குளிர் இல்லை, வறட்சி உண்டு. அவ்வறட்சியை நமக்கு வேண்டிய காலத்தில் வேண்டிய அளவு பயன்படுத்துவதே மாதுளைச் செய்கையின் இரகசியமாகும்.

மேலும், மாதுளை பத்துப் பன்னிரண்டு அடிக்கு மேல் உயராமல் அடக்கி வளர்க்கத் தக்கது. தனி மரமாக நின்றாலும் காய்க்கும். மணல் நிலத்தையும் ஓரளவு உவர்ப்பையும் தாங்கும். நீர் தேங்குவதை மட்டும் தாங்காது.

இடமும் மண்ணும்

நாளொன்றுக்கு ஆறு மணித்தியாலமாயினும் நேர்வெயில் படும் இடத்தைத் தெரிதல் வேண்டும். தென்னை நிழலில் நட்ட மாதுளை உயர்ந்து மெலிந்து நிற்குமேயன்றிப் பூவாது. கடற்காற்று நேராகத் தாக்கும் வளவிலே கிழக்குப் புறத்தில் உயிர்வேலி ஒன்று அமைத்தல் நன்று. உப்புக் காற்று இளந்தளிரைக் கருக்குவதை அது தடுக்கும். களப்பையோ வயலையோ அடுத்த தாழ்நிலமாயின் ஒன்றரை அடி உயரத்திற்கு மேடு எழுப்பி அதன்மேல் நடுதல் வேண்டும்.

மரக்கறி செய்யும் கமக்காரர் இவ்விடத்தில் ஒன்றை விசேஷமாகக் கவனித்தல் வேண்டும். கத்தரி, தக்காளி, வெண்டி முதலிய பயிர்களைப் பிடுங்கும்போது வேரிலே முடிச்சு முடிச்சாக வீக்கம் காணப்படுவதுண்டு. கண்ணுக்குத் தெரியாத நூற்புழுக்களின் வேலை அது. மணற்பாங்கான நிலத்தில் அவை மிகுதியாகப் பெருகும். மாதுளை வேரையும் அவை பற்றும். ஆதலால், அத்தகைய முடிச்சுக் கண்ட பாத்தியிலே மாதுளையை நடுதல் ஆகாது. வேறிடம் இல்லையாயின் அப்பாத்தியில் ஒரு போகம் செவ்வந்தி இனத்தைச் சேர்ந்த துலுக்கச் சாமந்தியை நெருக்கமாக வளர்த்து, பின்னர் அதனை மண்ணோடு புரட்டிவிட்டு, குழியில் எருவை மிகுதியாக இடுதல் வேண்டும்.

கன்று உண்டாக்கல்

கடையில் வாங்கிய பழத்தின் விதை எளிதில் முளைக்கும். ஆயினும், விதைக்கன்று தாய்மரத்தை ஒத்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை. இனிப்புப் பழத்தின் விதையிலிருந்து புளிப்புக் காய் காய்க்கும் மரமும் எழலாம். எனவே, தன் ஊரிலோ அயலூரிலோ நன்றாகக் காய்த்துவரும் மரத்தைப் பார்த்து, அதிலிருந்து தடி வெட்டியோ பதி வைத்தோ கன்று எடுத்தலே சிறந்தது. இவ்வூர் மணலையும் இவ்வூர்க் காற்றையும் தாங்கிக் காய்க்கின்றது என்பதற்கு அம்மரமே சாட்சி. இந்தியாவிற் பெயர்பெற்ற கணேஷ் என்னும் இனமும் ஆலந்தி என்னும் இனத்திலிருந்து தெரிந்தெடுக்கப்பட்டதேயாகும்.

தடி நடுதல்: பென்சிற் பருமனுள்ள, முற்றிய, ஓராண்டுத் தடியை 8 அல்லது 10 அங்குல நீளத்திற்கு வெட்டுக. மூன்றில் இரண்டு பங்கு மண்ணுள் இருக்குமாறு, மணலும் எருவும் கலந்த பையிலே நட்டு நிழலில் வைத்து ஈரம் காத்தால் ஆறு முதல் எட்டு வாரத்தில் வேர் விடும். தலைகீழாக நட்டுவிடாமல் இருத்தற்பொருட்டு, அடியைச் சரிவாகவும் நுனியை நேராகவும் வெட்டிக்கொள்வது வழக்கம்.

பதி வைத்தல்: மரத்திலிருக்கும் கிளையொன்றிலே ஓரங்குல அகலத்திற்குப் பட்டையை வளையமாக நீக்குக. அவ்விடத்தை ஈரமாக்கிய தும்புச்சோற்றினால் மூடி, பொலித்தீன் தாளால் இறுகக் கட்டுக. வேர்கள் தாளினூடே தெரிந்தபின் கீழே அறுத்து, பையில் வைத்து, சில வாரம் நிழலில் தேற்றிய பின்னரே நிலத்தில் நடுதல் வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து தடியோ கன்றோ விதையோ பயணப் பெட்டியில் மறைத்துக் கொண்டுவருதல் சட்டத்திற்கு மாறானது. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உத்தரவுச்சீட்டின்றித் தாவரப் பொருளை இறக்கலாகாது. இக்கட்டுப்பாடு வீண் தொல்லையன்று. மகாராட்டிரத்திலும் கருநாடகத்திலும் மாதுளைத் தோட்டங்கள் பலவற்றைப் பாழாக்கிய பற்றீரியாக் கருகல் நோய், நோயுற்ற கன்று வழியாகவே ஓரிடத்திலிருந்து பிறிதோரிடத்திற்குப் பெரிதும் பரவியது. ஒருவர் கொணரும் ஒரு தடி, ஊரிலுள்ள அத்தனை மரத்திற்கும் கேடாக முடியலாம்.

குழியும் நடுகையும்

நீளம், அகலம், ஆழம் மூன்றும் இரண்டு அடியாகக் குழி வெட்டுக. மேல்மண்ணை ஒரு பக்கமும் அடிமண்ணை மறுபக்கமுமாக இடுக. மணல் நிலத்தில் நீர் நில்லாது கீழிறங்கும். எருவின் சத்தும் அதனோடு போகும். இதனைத் தடுக்கும் எளிய வழி, தென்னை வளர்ப்போர் அறிந்ததே. குழியின் அடியிலே பொச்சு மட்டைகளை உட்புறம் மேல்நோக்க இரண்டு வரிசையாக அடுக்கி, இடையிடையே மணல் தூவுக. மட்டை நீரை உறிஞ்சி வைத்திருந்து வேருக்குக் கொடுக்கும். அதன்மேல், மேல்மண்ணோடு நன்கு மக்கிய மாட்டெரு இரண்டு கூடையும், கூட்டெரு ஒரு கூடையும், உமிக்கரி சிறிதும் கலந்து நிரப்புக. பச்சைச் சாணம் இடுதல் ஆகாது; அது வேரைச் சுடுவதோடு கறையானையும் அழைக்கும்.

குழியை நிரப்பி இரண்டு மூன்று வாரம் மண் அமர விட்டு, ஐப்பசியில் மாரியின் முதல் மழை விழுந்தபின் நடுக. பையிலிருந்த மட்டத்திற்குக் கீழே தண்டு புதைதல் ஆகாது. இரண்டு கன்று நடுவதாயின் இடையே 10 முதல் 12 அடி விடுதல் வேண்டும். நட்டவுடன் கோல் ஊன்றிக் கட்டுக. ஆடு புகாவண்ணம் அடைப்பு இடுக. கரையோர ஊர்களிலே தெருவில் மேயும் ஆட்டினால் அழிந்த கன்றுகள், நோயினால் அழிந்தவற்றினும் குறைந்தனவல்ல.

நீர்

இம்மணற்கரையில் கிணற்று நீர் எங்கிருந்து வருகின்றது என்பதை ஒவ்வொரு வீட்டாரும் அறிந்திருத்தல் அவசியம். மாரியிற் பெய்த மழை மணலூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கின்றது. கிணறு எடுப்பது அப்படையிலிருந்தே. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழேயுள்ள உவர்நீர் மேலெழும். 2004 டிசம்பர் 26ஆந் திகதி சுனாமிப் பேரலை இக்கரையைத் தாக்கியபோது கிணறுகளிலே கடல்நீர் புகுந்தது. அவற்றைச் சுத்தஞ் செய்வதற்காக மீண்டும் மீண்டும் இறைத்த இடங்களில் உவர்ப்பு நீங்குவதற்குப் பதிலாக நீடித்ததும் உண்டு. பின்வந்த மாரிகளின் மழைநீரே அவற்றை நாளடைவிற் சீராக்கியது. ஆகவே, வளவில் நிற்கும் மரத்திற்கு எவ்வளவு நீர் வேண்டும் என்பது அவ்வீட்டுக் குடிநீரோடும் தொடர்புடைய விஷயமாகும்.

மாதுளை சிறிது நீரிலே வாழும் மரம். இளங்கன்றுக்குக் கோடையில் ஒன்றுவிட்ட ஒரு நாள் ஒரு வாளி நீர் போதும். காய் தாங்கி நிற்கும் மரத்திற்கு ஒன்றுவிட்ட ஒரு நாள் இரண்டு அல்லது மூன்று வாளி விடுக. தண்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வட்டப் பாத்தி கட்டி அதிலே நீர் விடுதல் வேண்டும். அறுவடை முடிந்த வயலிலிருந்து கொணர்ந்த வைக்கோலை நான்கு அங்குலக் கனத்திற்குப் பாத்தியிற் பரப்பினால் கச்சான்காற்று ஈரத்தைக் கவர்ந்து செல்லாது. தண்டைத் தொடாமல் ஒரு சாண் விலக்கிப் பரப்புக.

வுழூச் செய்யும் நீரைச் சிறு வாய்க்கால் வழியாக மரத்தடிக்கு விடுதல் மிகவும் நல்லது. நாள்தோறும் பலமுறை சிறிது சிறிதாக வரும் அந்நீர் சவர்க்காரம் கலவாதது. மாதுளைக்கு வேண்டிய ஒழுங்கான ஈரத்தை அது கொடுக்கும். ஆடை தோய்த்த சோடா நீரைத் தொடர்ந்து விடுதல் ஆகாது. பாத்தியின் ஓரத்தில் வெண்ணிறப் பூப்பு படிந்தாலும், முதிர்ந்த இலைகளின் நுனியும் விளிம்பும் கருகினாலும் நீரில் உவர்ப்பு மிகுந்ததென அறிக. அப்போது சிறுகச் சிறுக விடுவதை நிறுத்தி, மாரி நீர் பாத்தியிலே தேங்கி உப்பைக் கீழே கழுவுமாறு செய்தல் வேண்டும்.

கிளை கழித்தலும் பசளையும்

மாதுளை அடியிலிருந்து பல தூறுகளை விடும் இயல்புடையது. அவற்றுள் நலமான மூன்று அல்லது நான்கினை மட்டும் நிறுத்தி, ஏனையவற்றைத் தோன்றுந்தோறும் நீக்குக. ஒரே தண்டாக வளர்த்தால், தண்டு துளைப்பான் புகுந்தவிடத்து மரம் முழுவதும் போய்விடும். மூன்று நான்கு தண்டு இருந்தால் ஒன்று போயினும் மற்றவை காக்கும். மரத்தின் நடுவே வெயிலும் காற்றும் புகுமாறு, உள்நோக்கிய கிளைகளையும் காய்ந்த சுள்ளிகளையும் ஆண்டுதோறும் கழித்தல் வேண்டும். காய் பெரும்பாலும் முதிர்ந்த கிளையிலுள்ள குறுஞ்சிம்புகளின் நுனியிலே தோன்றும். ஆதலால் அளவு மீறிக் கழித்தலும் ஆகாது. முதல் இரண்டு ஆண்டில் வரும் பூக்களைக் கிள்ளிவிடுதல் மரத்தை வலுப்படுத்தும்.

மணல் நிலத்தில் பசளையை ஒரே முறையில் மிகுதியாக இடுவது வீணாகும். மக்கிய எருவையும் கூட்டெருவையும் ஆண்டிற்கு மூன்று நான்கு முறையாகப் பகிர்ந்து இடுக. அடுப்புச் சாம்பலை மாதமொரு முறை ஒரு கைப்பிடி தூவலாம். இரசாயனப் பசளை இட விரும்புவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் மரத்தின் வயதைக் கூறி அளவு பெறுதல் நன்று.

மரத்தை ஓய்த்துப் பூக்கச் செய்தல்

ஓய்வில்லாமல் நீர் பெறும் மாதுளை, ஆண்டு முழுவதும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூக்கும். அவற்றுள் மாரியில் மலர்ந்தவை மழையில் உதிரும். மாரியில் முதிரும் காய்களோ புள்ளி விழுந்து அழுகும். பூ முழுவதையும் ஒரே காலத்திற் கொணர்ந்து, காய் மாரிக்கு முன்னரே கைசேருமாறு செய்தலே அறிவுடைமை. இந்தியாவின் தக்கணப் பகுதியில் உள்ளோர் நெடுங்காலமாகச் செய்துவரும் முறை இதுவாகும். அதனை இக்கரையின் காலநிலைக்கேற்பப் பின்வருமாறு கைக்கொள்ளலாம்.

தை மாதத்தில் மாரி ஓய்ந்தபின், மூன்றாண்டு நிரம்பிய மரத்திற்கு நீர் விடுவதை நான்கு அல்லது ஐந்து வாரம் நிறுத்துக. பாத்தியிலுள்ள வைக்கோலையும் அகற்றுக. இலை மஞ்சளித்து ஒரு பகுதி உதிரத் தொடங்குவது மரம் ஓய்ந்தமைக்கு அடையாளம். இளங்கிளைகள் வாடிச் சுருங்கும்வரை விடுதல் ஆகாது. இவ்வடையாளம் கண்டவுடன் கிளை கழித்து, மண்ணை வேர் அறாதவாறு மேலாகக் கொத்தி, எரு இட்டு, முதலிற் சிறிதாகவும் பின்னர் முழு அளவாகவும் நீர் விடுக. வைக்கோலை மீண்டும் பரப்புக. ஏறத்தாழ ஒரு மாதத்தில் புதுத்தளிரோடு செம்பூக்கள் நிறையத் தோன்றும். பங்குனி, சித்திரையிற் பூத்தவை ஆவணி, புரட்டாசியில் முதிரும். ஐப்பசி மழைக்கு முன்னரே பறித்துவிடலாம்.

பூக்களுள் பெரும்பகுதி உதிரக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. மாதுளையில் இருவகைப் பூ உண்டு. அடி பருத்துக் குடம் போன்றிருப்பது காயாகும். அடி சிறுத்து மணி போன்றிருப்பது ஆண்தன்மையது. அது உதிர்ந்தே தீரும். குடப்பூவும் மிகுதியாக உதிருமாயின் நீர் ஒழுங்கின்மையோ, நிழலோ, வண்டு தேனீ வாராமையோ காரணமாகலாம். பூக்காலத்திலே பூச்சிமருந்து தெளிப்போர் தம் காயைத் தாமே கெடுத்துக்கொள்கின்றனர்.

காய் வெடித்தல்

வளவு மாதுளையிலே மிகுதியாகக் கூறப்படும் குறை, காய் முதிருமுன் வெடித்தல். நீர் போதாமையே காரணம் என்றெண்ணி, வெடிப்பைக் கண்டவுடன் வாளி வாளியாக நீர் ஊற்றுவோர் உளர். அதனால் எஞ்சிய காய்களும் வெடிக்கும். உண்மைக் காரணம் நீரின் குறைவன்று, நீரின் ஒழுங்கின்மை. கச்சான்காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் மண் காய்ந்தால் காயின் தோல் இறுகி விரியும் தன்மையை இழக்கின்றது. திடீரென மிகுந்த நீர் கிடைத்தவுடன் உள்ளிருக்கும் முத்துக்கள் பருக்கின்றன; தோல் இடங்கொடாமையாற் பிளக்கின்றது. எனவே, பூத்த நாள் முதல் பறிக்கும் நாள்வரை ஒரே அளவாக, ஒரே இடைவெளியில் நீர் விடுதல் வேண்டும். வீட்டார் பயணம் செல்லும் நாட்களில் அயலாரிடம் அப்பொறுப்பை ஒப்படைத்துச் செல்லுதல் நன்று. சத்துக் குறைவாலும் வெடிப்பு உண்டாவதுண்டு. ஒழுங்காக நீர் விட்டும் வெடிக்குமாயின் விவசாயப் போதனாசிரியரை அணுகுக.

பூச்சியும் நோயும்

காய்துளைப்பான்: வண்ணத்துப்பூச்சி ஒன்று பூவிலும் பிஞ்சிலும் முட்டை இடும். புழு காயைத் துளைத்து உட்சென்று முத்தைத் தின்னும். துளையில் எச்சம் காணப்படும். காய் நாறி விழும். கொய்யாவிலும் இப்பூச்சி தங்கும். ஒன்றையொன்று தொட்டு நிற்கும் காய்களின் இடையிலே இது எளிதிற் புகுமாதலால், ஒரு கொத்தில் ஒரு பிஞ்சை மட்டும் விட்டு ஏனையவற்றை நீக்குக. எலுமிச்சங்காய் அளவாகுமுன் ஒவ்வொரு காயையும் பழந்துணிப் பையாலோ கடுதாசிப் பையாலோ கட்டுக. இருபது முப்பது காயுள்ள வளவு மரத்திற்கு இதனினும் மேலான மருந்தில்லை. அணில், கிளி, வௌவால் என்பவற்றினின்றும், சுடுவெயிலினின்றும் அப்பையே காக்கும். துளை விழுந்த காய்களைப் பொறுக்கி ஆழப் புதைத்தல் வேண்டும்.

அழுக்கணவன், வெண்மூட்டுப்பூச்சி: இளந்தளிரிற் கூட்டமாகத் தோன்றும். தொடக்கத்திலேயே சவர்க்கார நீரைத் தெளித்துக் கழுவினால் அடங்கும். எறும்புச் சாரி ஏறுவதைக் கண்டால் இவை உள்ளனவா என்று பார்க்க.

புள்ளியும் அழுகலும்: மாரிக்காலத்தில் இலையிலும் காயிலும் கரும்புள்ளி தோன்றும். நெருங்கிய கிளையைக் கழித்தலும், விழுந்த இலையையும் காயையும் அகற்றலும் முதற் சிகிச்சையாகும். நோயுற்ற மரத்திற் பயன்படுத்திய கத்தியைத் துடைத்துச் சுடுநீரிற் கழுவாமல் மற்றொரு மரத்திற் பயன்படுத்தல் ஆகாது. எண்ணெய் படிந்தாற் போன்ற புள்ளி தோன்றி, காய் அவ்விடத்திற் பிளக்குமாயின் தாமதியாது போதனாசிரியருக்கு அறிவித்தல் வேண்டும். அவ்வாறான மரத்திலிருந்து ஒருவருக்கும் தடி கொடுத்தல் ஆகாது.

பறித்தல்

மாதுளை, பறித்தபின் பழுக்கும் கனியன்று. காயாகப் பறித்தது காயாகவே இருக்கும். பூத்து ஐந்து அல்லது ஆறு மாதத்தில் அது முதிரும். தோலின் பளபளப்பு மங்குதல், உருண்டையாயிருந்த காயின் பக்கங்கள் சிறிது தட்டையாதல், முடியின் இதழ்கள் உள்நோக்கி வளைதல், விரலால் தட்டினால் உலோக ஒலி எழுதல் ஆகியவை முதிர்ந்தமைக்கு அடையாளங்கள். திருகிப் பறியாமல் கத்தரியால் காம்பை ஒட்ட வெட்டுக. வெடிப்பில்லாத பழம் குளிர்ந்த காற்றோட்டமான இடத்திலே சில வாரம் கெடாதிருக்கும்.

நன்கு பேணிய மரம் மூன்றாம் ஆண்டிற் காய்க்கத் தொடங்கி, நான்காம் ஆண்டில் 20 அல்லது 25 காய் தரும். முதிர்ந்த மரத்தில் 100க்கு மேலும் எதிர்பார்க்கலாம். கடையிலே விலை கொடுத்து வாங்கும் பழத்தைப் பிள்ளைகளுக்கு ஒன்று கொடுக்கத் தயங்கும் வீட்டிற்கு, வளவில் நிற்கும் ஒரு மரம் செய்யும் உதவி சிறிதன்று.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. குளிர் வேண்டும் மரத்தைக் குளிரில்லாக் கரையில் நட்டுக் காத்திருத்தல் வீண்.
2. நன்கு காய்க்கும் உள்ளூர் மரத்திலிருந்து தடியோ பதியோ எடுக்க, விதைக்கன்றை நம்பற்க.
3. வேர்முடிச்சுக் கண்ட மரக்கறிப் பாத்தியில் நடற்க.
4. குழியடியிற் பொச்சு மட்டை, மேலே வைக்கோல். இவை இரண்டும் மணலின் குறையை நீக்கும்.
5. மாரி ஓய்ந்தபின் நான்கு, ஐந்து வாரம் மரத்தை ஓய்த்துப் பின் நீர் விடுக.
6. பூத்தது முதல் பறிக்கும்வரை நீரின் அளவையும் நாளையும் மாற்றற்க.
7. பிஞ்சைப் பையிட்டுக் காக்க.

வயலிலே நாற்று எப்போது வாடும், எப்போது நீர் கேட்கும் என்று பார்த்த மாத்திரத்தில் அறியும் கமக்காரருக்கு இவற்றுள் ஒன்றும் கடினமானதன்று. பெரும்போகத்தில் வயலுக்கு நேரமும் கண்ணும் கொடுப்பது போல, வளவு மரத்திற்கும் சிறிது கொடுப்பாராயின் ஆவணியிலே அம்மரம் அதனைத் திருப்பித் தரும்.